பூவுக்குள் குடியிருப்போர்

வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடித் தொட்டியிலோ நட்ட ரோஜாச் செடி ஒருநாள் பூக்கிறது. ஆசையோடு பறித்து முகர்ந்து பார்க்கும்போது இதழ்களுக்கிடையே ஏதோ சிறிதாய் ஊர்கிறது. சட்டென்று பூவை உதறிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது என்ன? கடைக்குப் போய் ஒரு பூச்சிமருந்துக் குப்பி வாங்கி வருவதுதான்.

கொஞ்சம் பொறுத்து யோசித்துப் பார்ப்போம். நெல்லுக்கும் காய்கறிக்கும் மருந்து தெளிப்பவர், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்க முடியும். பூச்செடியில் அது எப்படி முடியும்? அது நாள்தோறும் பூக்கிறது. நாமும் நாள்தோறும் பறிக்கிறோம். பறித்த பூவைச் சமைப்பதில்லை, தோல் உரிப்பதும் இல்லை. அப்படியே மூக்கருகே கொண்டு போகிறோம், கூந்தலில் சூடுகிறோம், சாமி படத்துக்குச் சார்த்துகிறோம், சாப்பாட்டு மேசையில் ஜாடியில் வைக்கிறோம். வீட்டுக் குழந்தை அதை வாயிலும் வைத்துக்கொள்ளும். ஆகவே வீட்டுப் பூவுக்கு மருந்து தெளிப்பது நன்றாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

மருந்து இல்லாமல் இந்தச் சின்னஞ்சிறு பூச்சிகளைச் சமாளிக்க முடியுமா? முடியும். அதற்கு அவை யார், பூவில் அவற்றுக்கு என்ன வேலை, எப்போது பிடியை விடுகின்றன என்பவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஆளை அடையாளம் காண்க

ஒரு வெள்ளைத் தாளைப் பூவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு காம்பை விரலால் நான்கைந்து முறை தட்டுங்கள். தாளில் விழுபவற்றை ஒரு கைக்கண்ணாடியால் பாருங்கள். ரோஜா, சாமந்தி, சம்பங்கி போன்ற பூக்களில் வழக்கமாகக் கிடைப்பவர்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம், பச்சையாகவோ கறுப்பாகவோ பேரிக்காய் வடிவில் இருக்கும் மெதுவான பூச்சிகள். இவை அசுவினிகள், செடிப்பேன் என்றும் சொல்வர். இரண்டாவது கூட்டம், ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், நறுக்கிய நூல்துண்டு போல ஒல்லியாக, பழுப்பாகவோ மஞ்சளாகவோ விரைந்து ஓடும் பூச்சிகள். இவை இலைப்பேன்கள். மூன்றாவது கூட்டம், மகரந்தமும் தேனும் தேடி வரும் சிறு வண்டுகள், சிறு தேனீக்கள், எறும்புகள், இவர்களைப் பிடிக்கக் காத்திருக்கும் குட்டிச் சிலந்திகள்.

இம்மூன்றில் செடிக்குக் கெடுதி செய்வோர் முதல் இரு கூட்டத்தார். மூன்றாம் கூட்டத்தார் வந்து போகும் விருந்தாளிகள். மூவரையும் ஒரே தடியால் அடிப்பதில் பொருள் இல்லை.

சாற்றுக் குழாயில் ஊசி போடும் அசுவினி

அசுவினியின் வாய் ஓர் ஊசி. தலைமயிரைவிட மெல்லிய இந்த ஊசியை அது இளந்தண்டிலும் மொட்டின் காம்பிலும் செலுத்துகிறது. இலையில் தயாரான சர்க்கரையைச் செடியின் மற்றப் பாகங்களுக்குக் கொண்டு செல்லும் புளோயம் என்ற குழாய்த் திசுவைத் துளைக்கிறது. அந்தக் குழாயினுள் சாறு நல்ல அழுத்தத்தில் இருக்கிறது. துளை விழுந்ததும் சாறு தானாகவே அசுவினியின் வாய்க்குள் பாயும். பெரிதாக உறிஞ்ச வேண்டிய அவசியமில்லை. 1953ஆம் ஆண்டில் கென்னடி, மிட்லர் என்ற இரு விஞ்ஞானிகள், சாறு குடித்துக்கொண்டிருந்த அசுவினியின் வாயூசியை அறுத்து, பூச்சியை அப்புறப்படுத்தினர். செடியில் நின்றுவிட்ட ஊசி முனையிலிருந்து சாறு தொடர்ந்து கசிந்துகொண்டே இருந்தது! சுத்தமான புளோயச் சாற்றைச் சேகரிக்கத் தாவரவியலாருக்கு இது ஓர் அருமையான வழியாயிற்று.

இந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி. புரதம் கட்ட உதவும் அமினோ அமிலங்கள் குறைவு. ஆகவே அசுவினி ஏராளமாகக் குடித்து, வேண்டாத சர்க்கரை நீரைப் பின்புறமாக வெளியேற்றிவிடுகிறது. இலைகளின் மேல் பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பது இதுதான். எறும்புகள் வருவது இந்த இனிப்புக்காகவே. எறும்பு அசுவினியைத் தின்பதில்லை; மாட்டைக் காக்கும் இடையனைப் போல அதைக் காத்து நிற்கிறது. அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளைத் துரத்துவதும் எறும்பே. இனிப்பு படிந்த இலையின் மேல் கரும்பூசணமும் வளர்கிறது.

அசுவினியின் பெருக்கம் வியப்பானது. நம் ஊர் வெப்பத்தில் நாம் காண்பவை பெரும்பாலும் பெண் பூச்சிகளே. ஆண் துணையின்றியே, முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடுகின்றன. அதைவிட வியப்பு, தாயின் வயிற்றில் வளரும் குட்டியின் வயிற்றிலும் அடுத்த தலைமுறைக் கரு உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அசுவினி 40 குட்டி போடுகிறது, ஒவ்வொரு குட்டியும் பத்து நாளில் தாயாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையில் 40. இரண்டாவதில் 1,600. மூன்றாவதில் 64,000! ஒரு மாதத்துக்குள் இவ்வளவு.

ஆனால் நம் தோட்டத்தில் அப்படி நடப்பதில்லை. ஏன்? யாரோ தின்றுகொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் பிறகு சந்திப்போம்.

அசுவினிக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிரி கடித்தால், முதுகின் பின்பகுதியில் உள்ள இரு சிறு குழல்களிலிருந்து ஒரு துளி நீரைக் கசியவிடுகிறது. அதன் மணம் பக்கத்திலுள்ள உறவினருக்கு அபாய அறிவிப்பு. அந்த மணப்பொருள் பார்னசீன் வகையைச் சேர்ந்தது என்பது 1972ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மணம் எட்டியதும் பல அசுவினிகள் ஊசியை உருவிக்கொண்டு நகர்கின்றன. சில கீழே குதித்துவிடுகின்றன. பட்டாணிச் செடியில் வாழும் ஒருவகை அசுவினியைப் பற்றி 2010ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் வேறொரு செய்தியை வெளியிட்டனர். செடியை மேய வரும் ஆட்டின் வெப்பமும் ஈரமும் கலந்த மூச்சுக்காற்று பட்டாலே அவை கூட்டமாகக் கீழே விழுகின்றனவாம். செடியோடு சேர்ந்து ஆட்டின் வயிற்றுக்குள் போவதைவிடத் தரையில் விழுவது மேல் அல்லவா?

கீழே விழுந்த இறக்கையில்லா அசுவினி மீண்டும் இளந்தளிரை எட்டுவது எளிதன்று. வெயிலிலும் பசியிலும் சாகும். அல்லது தரையில் திரியும் சிலந்திக்கும் வண்டுக்கும் இரையாகும். ஆகவே அசுவினியைக் கொல்லவே வேண்டியதில்லை. கீழே தள்ளினால் போதும்.

ஒற்றைத் தாடை இலைப்பேன்

இலைப்பேன் சற்றுத் தந்திரசாலி. இதன் இறக்கை நாம் அறிந்த இறக்கை போன்றதன்று. ஒரு மெல்லிய தண்டும் அதன் இருபுறமும் மயிர்க்கற்றையும் கொண்ட இறகு போன்றது. இவ்வளவு சிறிய உடலுக்குக் காற்று பிசினைப் போல் கனமான ஊடகம். ஆகவே அகன்ற இறக்கை தேவையில்லை. மயிர்க்கற்றையே துடுப்பாக உதவுகிறது. காற்று எங்கே தூக்கிச் செல்கிறதோ அங்கே போய்ச் சேரும்.

இதன் வாயமைப்பு இன்னும் விசித்திரம். இடப்புறத் தாடை ஒன்றுதான் வளர்ந்திருக்கும். வலப்புறத் தாடை வளர்ச்சியின்றிக் குன்றியிருக்கும். அந்த ஒற்றைத் தாடையால் இதழின் மேல்தோலில் ஒரு துளையிட்டு, செல்லுக்குள் இருப்பதை உறிஞ்சிவிடுகிறது. காலியான செல்லுக்குள் காற்று புகுவதால் அந்த இடம் வெள்ளிப் பூச்சு போல மின்னும். பிறகு பழுப்பாகும். ரோஜா இதழின் ஓரம் கருகினாற்போல் இருந்தாலும், மொட்டு கோணலாக விரிந்தாலும் இலைப்பேன்மீது சந்தேகப்படலாம்.

உலகில் 6,000க்கும் மேற்பட்ட இலைப்பேன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவர், சென்னை லயோலா கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இலைப்பேன் இறுக்கமான இடத்தை விரும்பும். இதழும் இதழும் சேரும் இடுக்கில் உடலை நுழைத்துக்கொள்ளும். மேலே எதைத் தெளித்தாலும் அங்கே எளிதில் போய்ச் சேராது. இன்னொரு செய்தி: பூவில் வாழும் இலைப்பேன்களில் பல, குஞ்சுப் பருவம் முடிந்ததும் கீழே இறங்கி, மண்ணிலோ சருகுக்கடியிலோ சில நாள் உணவின்றி ஓய்வெடுத்த பிறகே இறக்கை முளைத்து மேலே வருகின்றன. அதாவது ஒரு பகுதி பூவில். இன்னொரு பகுதி செடியின் அடியில். இந்தச் செய்தி நமக்குப் பின்னால் பயன்படும்.

வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அசுவினியும் பூ இலைப்பேனும் செடியின் சாற்றை நம்பி வாழ்பவை. அரிசிப் பானையிலோ துணிப் பெட்டியிலோ குடியேறும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. உயிருள்ள செடியை விட்டுப் பிரிந்தால் நெடுநாள் பிழைப்பதும் இல்லை.

மருந்து தெளித்தால் என்ன ஆகும்?

அசுவினி 64,000 ஆகாமல் தடுப்பவர்களை இப்போது பார்ப்போம். சிவப்பு அல்லது மஞ்சள் முதுகில் கறுப்புப் புள்ளியோ கோடோ கொண்ட பொறிவண்டை நீங்கள் அறிவீர்கள். வளர்ந்த வண்டும் அசுவினியைத் தின்னும். அதன் புழுவும் தின்னும். புழு பார்ப்பதற்குக் குட்டி முதலை போலிருக்கும். அதைக் கெட்ட பூச்சி என்று எண்ணி நசுக்குவோர் பலர். பச்சை உடலும் கண்ணாடி போன்ற இறக்கையும் கொண்ட இன்னொரு பூச்சி, மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொரு முட்டையாக இலையில் நட்டு வைக்கும். அதன் குஞ்சும் அசுவினி வேட்டைக்காரர். தேனீ போல வரியுடலோடு, பூவின் முன் காற்றில் அசையாமல் நிற்கும் ஓர் ஈ உண்டு. அதன் புழுவுக்கும் அசுவினியே சாப்பாடு. எல்லாரினும் சிறியவர் ஒட்டுண்ணிக் குளவி. அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டையை வைத்துவிடும். உள்ளே வளரும் குளவிப் புழு அசுவினியைத் தின்று தீர்க்கும். செடியில் வெளிர் பழுப்பு நிறத்தில், உப்பிய உடலோடு அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகளைக் கண்டால் அவற்றைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு குளவி பிறக்கக் காத்திருக்கிறது.

ஒரு செடியில் 1,000 அசுவினிகளும் 10 பொறிவண்டுகளும் இருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கொல்லும் மருந்து ஒன்றைத் தெளிக்கிறோம். மறுநாள் 50 அசுவினி மிஞ்சும். பொறிவண்டு ஒன்று மிஞ்சினாலே அதிகம். நாம் மகிழ்ந்து போகிறோம். பத்து நாள் கழித்து என்ன? நாம் முன்பு போட்ட கணக்கின்படி 50 அசுவினி 2,000 ஆகிவிடும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வளர்ந்த வண்டாக இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். அது தலையெடுக்கும் முன்பு அசுவினி இரண்டு தலைமுறை கண்டுவிடும். முன்பு இருந்ததைவிடக் கூட்டம் பெருகிவிட்டது, தின்பதற்கோ ஆளில்லை. மறுபடி குப்பியைத் தேடுகிறோம். தின்பவர் மெதுவாகப் பெருகுவர், தின்னப்படுபவர் விரைவாகப் பெருகுவர் என்ற எளிய உண்மையே இதற்குக் காரணம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மருந்துக்குத் தப்பிய சில அசுவினிகள் தற்செயலாகத் தப்பியவையாக மட்டும் இருக்க மாட்டா. மருந்தைத் தாங்கும் தன்மை இயல்பிலேயே அமைந்தவையும் அவற்றுள் இருக்கும். அடுத்த தலைமுறையைப் பெறுபவை அவையே. அமெரிக்க நாட்டுப் பூச்சியியலார் மெலாண்டர் என்பவர், தெளிப்பு மருந்துகளைத் தாங்கும் ஆற்றலைப் பூச்சிகள் பெற முடியுமா என்ற கேள்வியை 1914ஆம் ஆண்டிலேயே எழுப்பினார். பழமரங்களில் வாழ்ந்த செதில் பூச்சிகள் கந்தக மருந்துக்குச் சாகாமலிருந்ததை அவர் கண்டிருந்தார். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பூச்சி இனங்கள் மருந்துகளை வென்றிருக்கின்றன.

ஒரு சிறு குளவி செய்த பெரிய வேலை

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று காணப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றில் பரவி, வீட்டு வாசலில் இருக்கும் செம்பருத்தியையும் அது விட்டு வைக்கவில்லை. உடலைச் சுற்றி வெள்ளை மெழுகுப் போர்வை. அதன்மேல் பட்ட மருந்து உள்ளே சென்று சேர்வது கடினம். மக்கள் மாற்றி மாற்றி மருந்து தெளித்தும் பலன் நிலைக்கவில்லை. புதிய நாட்டுக்கு வந்த அப்பூச்சிக்கு, அதன் சொந்த ஊரில் இருந்த எதிரி இங்கே இல்லை என்பதே காரணம்.

விஞ்ஞானிகள் அந்த எதிரியைத் தேடிச் சென்றனர். 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி சிறப்பாக வேலை செய்தது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆய்வுக்கூடங்களிலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பெருக்கி, தோட்டங்களில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைத்தது. அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கிவிட்டது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து தெளிக்கக் கூடாது என்பதே விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட முக்கிய அறிவுரை.

இது புது வழியும் அன்று. 1888-89ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ரோடோலியா என்ற பொறிவண்டு. அதே வண்டு 1929ஆம் ஆண்டில் நீலகிரிக்கும் கொண்டுவரப்பட்டு, சீகை மரங்களைத் தாக்கிய செதில் பூச்சியை ஒடுக்கியது.

நம் வீட்டு ரோஜாவுக்குப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. வேண்டிய உதவியாளர்கள் ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்லாமல் இருப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.

செடியில் செய்ய வேண்டியவை

வாரம் இருமுறை தளிர்களையும் மொட்டுகளின் அடிப்புறத்தையும் பாருங்கள். 64,000 ஆகப் போகும் கூட்டம் இன்று ஒன்றாகவோ பத்தாகவோ இருக்கிறது. இன்றைக்கு விரலால் துடைத்து எறிவது, அடுத்த மாதத்துக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

அசுவினி கூட்டமாக இருந்தால், காலை வேளையில் தளிரை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, குழாய் நீரைச் சற்று விசையோடு பாய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று தடவை செய்தால் கூட்டம் கலைந்துவிடும். காலையில் செய்வதால் பகல் வெயிலில் இலை உலர்ந்துவிடும், பூசணம் பிடிக்காது. விரிந்த பூவின்மேல் நீரைப் பாய்ச்ச வேண்டாம்.

எறும்பு ஏறுவதைத் தடுங்கள். தொட்டியை ஓர் அகன்ற தட்டில் செங்கல் துண்டுகளின்மேல் வைத்துத் தட்டில் நீர் ஊற்றினால் எறும்பு தாண்டாது. தொட்டியின் அடி நீரில் படாமலும், இலைகள் சுவரைத் தொடாமலும் இருக்க வேண்டும். தட்டின் நீரை நாள்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். இல்லையேல் அசுவினியை விரட்டப் போய்க் கொசுவை வளர்த்தவராவோம்.

இலைப்பேனுக்கு மருந்து செடியின் அடியில் இருக்கிறது. வாடிய பூக்களைச் செடியிலேயே விட்டு வைக்காதீர்கள். கருகிய மொட்டுகளையும் கிள்ளி எடுத்து, ஒரு பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். உதிர்ந்த சருகைக் கூட்டிவிட்டு மேல்மண்ணை இலேசாகக் கிளறிவிடுங்கள். ஓய்விலிருக்கும் பருவம் அங்கேதான் இருக்கிறது. நல்ல பூ ஒன்று வேண்டுமென்றால், மொட்டு நிறம் காட்டும் முன்பே நெருக்கமாக நெய்த மெல்லிய மஸ்லின் துணிப் பையை அதன்மேல் கவிழ்த்து அடியில் தளர்வாகக் கட்டலாம். கொசுவலைத் துணி உதவாது. இலைப்பேன் அதன் கண்களுக்குள் நுழைந்துவிடும்.

உரத்திலும் கவனம் வேண்டும். யூரியா போன்ற தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் தளிர் மென்மையாகி, அதன் சாற்றில் அமினோ அமிலம் கூடுகிறது. அசுவினிக்கு அது விருந்து.

கடைசியாக, உதவியாளர்களுக்குச் சோறு போடுங்கள். ஒட்டுண்ணிக் குளவிகளும் மிதந்து நிற்கும் ஈக்களும் வளர்ந்த பருவத்தில் தேனும் மகரந்தமும் உண்பவை. அவற்றின் குட்டையான வாய்க்கு எட்டும்படி தேன் மேலாகவே கிடைக்கும் சிறு பூக்கள் வேண்டும். நான்கு கொத்தமல்லிச் செடியையும் கொஞ்சம் கடுகையும் பறிக்காமல் பூக்கவிட்டால் போதும்.

பறிக்கும்போது செய்ய வேண்டியவை

எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் பறித்த பூவில் ஒன்றிரண்டு குடியிருப்போர் இருக்கத்தான் செய்வர். அவர்களை வெளியேற்ற நான்கு படிகள் உண்டு.

முதலாவது, நேரம். விடியற்காலையில் தண்டில் நீர் நிறைந்திருக்கும். பூவும் விறைப்பாக இருக்கும். தேன் தேடும் வண்டுகளும் தேனீக்களும் இன்னும் திரளாக வந்திருக்க மாட்டா. ரோஜாவை வெளி இதழ் ஒன்றிரண்டு பிரியும் நிலையிலேயே வெட்டலாம். இறுக்கமாக மூடிய பூவில் புகுந்திருப்போர் குறைவு. ஜாடியிலும் கூடுதல் நாள் இருக்கும்.

இரண்டாவது, உதறல். பூவைத் தலைகீழாகப் பிடித்து, மணிக்கட்டில் மறு கையால் தட்டுங்கள். இதைச் செடிக்குச் சற்றுத் தள்ளி நின்று செய்ய வேண்டும். அசுவினியும் எறும்பும் வண்டும் பெரும்பாலும் இதிலேயே விழுந்துவிடும்.

மூன்றாவது, முக்கல். ரோஜா, சாமந்தி போன்ற கெட்டியான இதழுள்ள பூக்களுக்கே இது பொருந்தும். ஒரு வாளியில் குளிர்ந்த நீரை எடுத்துப் பூவைத் தலைகீழாக அமிழ்த்தி, ஒரு நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். இலைப்பேன் விடாப்பிடியாக இருந்தால், நீரில் ஒரு சொட்டுத் திரவ சோப்பைக் கலக்கலாம். இதன் காரணத்தைப் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பூச்சியின் உடல் மெழுகு பூசியது, நீர் ஒட்டாது. அது சுவாசிக்கும் துளைகளோ உடலின் பக்கங்களில் உள்ளன. நீரின் பரப்பு இழுவிசை மிகுதியாக இருப்பதால், அத்துளைகளுக்குள் நீர் புகாமல் காற்றுப் படலம் ஒன்று காத்து நிற்கும். 25 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்ததும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மெழுகுத் தோல் நனையும். இதழிடுக்கிலும் நீர் புகும். பூச்சி பிடியை விடும். பிறகு நல்ல நீரில் ஒருமுறை அலசிவிட வேண்டும். சில பூக்களின் இதழில் சோப்புக் கறை படியும் என்பதால் முதலில் ஒரு பூவில் செய்து பாருங்கள். மல்லிகை, முல்லை போன்ற மென்மையான பூக்களை முக்க வேண்டாம். ஈரத்தில் விரைவில் பழுத்துவிடும். அவற்றை வெள்ளைத் துணியில் பரப்பி உதறினால் போதும்.

நான்காவது, இருட்டு அறை. சிறு வண்டுகளும் தேனீக்களும் வெளிச்சத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. பூக்களை, காம்பு மூழ்கும்படி நீருள்ள வாளியில் நிறுத்தி, இருட்டான அறையில் வையுங்கள். ஒரே ஒரு சன்னலை விரற்கடை அளவு திறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் விருந்தாளிகள் அந்த ஒளிக்கீற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவர். இதே இரண்டு மணி நேரத்தில் பூவுக்கும் நன்மை உண்டு. குளிர்ந்த இருட்டில் இலைகளின் நீராவிப்போக்கு குறைவதால், தண்டு வயிறு நிறைய நீர் குடித்துக்கொள்கிறது. முக்கிய பூவின் ஈரமும் உலர்ந்துவிடும். ஒரே காத்திருப்பில் மூன்று வேலை!

அதன் பிறகும் ஓர் இலைப்பேன் மேசை விரிப்பில் ஊர்ந்தால், ஈர விரலால் தொட்டு எடுத்து வெளியே விடுவதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பத்து ரோஜாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை உதறுதல் மட்டும் செய்யுங்கள். மற்ற ஐந்தை உதறிய பிறகு நீரிலும் முக்குங்கள். பிறகு ஒவ்வொரு பூவின் இதழையும் வெள்ளைத் தாளின்மேல் பிரித்து, மிஞ்சிய பூச்சிகளை எண்ணி அட்டவணையாக எழுதுங்கள். முக்குவதால் உண்மையில் எவ்வளவு பயன் என்பதை உங்கள் எண்களே சொல்லும்.

அசுவினி மொய்த்த ஒரு தளிரின் கீழே தாளை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து நான்கு அங்குலத் தூரத்திலிருந்து வெப்பமாக மூச்சு விடுங்கள். எத்தனை விழுகின்றன? பிறகு கைவிசிறியால் அதே அளவு காற்று வீசுங்கள். இப்போது எத்தனை? இஸ்ரேல் நாட்டார் பட்டாணி அசுவினியில் கண்டதை உங்கள் ரோஜா அசுவினியும் செய்கிறதா என்று தெரியவரும்.

மஞ்சள், நீலம், வெள்ளை நிற அட்டைகளில் விளக்கெண்ணெய் தடவிச் செடியருகே ஒருநாள் தொங்கவிட்டு, எந்த நிறத்தில் எந்தப் பூச்சி ஒட்டுகிறது என்று பாருங்கள். இதை எண்ணிப் பார்க்க மட்டும் செய்யுங்கள். நாள்கணக்கில் விட்டுவைத்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் உங்கள் தோட்டத்தில் சில அசுவினிகள் இருக்கும். இருக்கட்டும். அசுவினியே இல்லாத தோட்டத்தில் பொறிவண்டுக்கு என்ன வேலை? உணவில்லை என்றால் அது பறந்துவிடும். அடுத்த மழைக்குப் பின் புதிய அசுவினிகள் காற்றில் வந்து இறங்கும்போது, அவற்றை வரவேற்கப் பசியோடு யாரும் காத்திருக்க மாட்டார்கள். பத்து அசுவினியும் ஒரு பொறிவண்டும் உள்ள செடியே நலமான செடி. அதில் பூத்த ரோஜாவை உதறிவிட்டு, அச்சமின்றி முகர்ந்து பார்க்கலாம்.